தோரொங் கணவாய் வழி

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று வினவினால், நாம் மைற்கணக்கிலோ கிலோமீற்றர்க் கணக்கிலோ விடை கூறுவோம். இமயமலையின் உயர்நிலங்களில் வாழும் மக்களிடம் அதே வினாவைக் கேட்டால், அவர்கள் இத்தனை நாள் நடை என்றே கூறுவர். அவ்விடையே அந்நிலத்துக்குப் பொருத்தமானது. அங்கே ஊர்களைப் பிரித்து வைப்பது பெரும்பாலும் உயரமேயாகும். அவ்வுயரத்தைக் கடக்கும் ஒரு நாள் நடை எத்தன்மையது, அந்நடைக்கென மலை விதித்துள்ள சட்டங்கள் யாவை, அவற்றை மீறினால் நேர்வது யாது என்பவற்றை, உண்மையான ஒரு வழியை எடுத்துக்கொண்டு நோக்குவோம்.

நேபாள நாட்டின் நடுப்பகுதியில், அன்னபூர்ணா மலைத்தொடருக்கு வடக்கே, மனாங், முக்திநாத் என்னும் இரு கிராமங்கள் உள. மனாங், மர்ஸ்யாங்டி ஆற்றின் பள்ளத்தாக்கில் 3,540 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. முக்திநாத், அதற்கு மேற்கே காளி கண்டகி ஆற்றின் பக்கத்தில் ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே 5,416 மீற்றர் உயரத்தில் நிற்பது தோரொங் லா. 'லா' என்பது திபெத்திய மொழியிற் கணவாயைக் குறிக்கும் சொல். இலங்கையின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுறுதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அம்மலையின் மேல் அதே உயரமுள்ள இன்னொரு மலையைத் தூக்கி வைத்தாலும், அதன் உச்சி தோரொங் கணவாயின் தரையை எட்டாது.

மனாங் கிராமம் மழை மறைவுப் பகுதியைச் சேர்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொண்டுவரும் முகில்கள் அன்னபூர்ணாத் தொடரின் தென்புறத்தே மோதித் தம் நீரை அங்கேயே சொரிந்துவிடுகின்றன. தென்புறத்து லும்லே என்னும் ஊரில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. வடபுறத்து ஜோம்சொம் என்னும் ஊரில் 300 மில்லிமீற்றர் பெய்வதும் அரிது. இவ்வேறுபாட்டை வீடுகளின் கூரையிலேயே காணலாம். மனாங்கின் கல்வீடுகளுக்குச் சரிவான கூரை இல்லை. மண் பரப்பிய தட்டையான கூரைகளே உள்ளன. சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அவ்வீடுகளிற் கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்கு முற்றமாகிறது. தானியம் உலர்த்துவதும், விறகு அடுக்குவதும், குளிர்கால வெயிலில் அமர்ந்திருப்பதும் அங்கேதான். வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, பாப்பரை என்னும் தானியம் ஆகியவையே முக்கிய விளைபொருள்கள். மேல்நிலப் புல்வெளிகளில் யாக் மாடுகள் மேய்கின்றன.

இத்தகைய நிலத்தில் வாழ்வோர் உலகறியாதவராய் இருப்பர் என எண்ணுதல் தவறாகும். மனாங் பகுதி மக்கள் பெயர்பெற்ற வணிகர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நேபாள அரசர் அவர்களுக்குச் சிறப்பான வணிகச் சலுகைகளை வழங்கினார். அவற்றின் துணைகொண்டு அவர்கள் இந்தியா, பர்மா, மலாயா, சிங்கப்பூர் வரை சென்று வாணிகம் செய்தனர். கணவாய்களைக் கடந்து பழகிய கால்கள் கடலையும் கடந்தன எனலாம். வெளிநாட்டு மலைநடையாளருக்கு மனாங் பகுதி 1977ஆம் ஆண்டிலேயே திறந்துவிடப்பட்டது. இன்று மனாங் வரையும், மறுபுறத்தே முக்திநாத் வரையும் வாகனங்கள் செல்லக்கூடிய பாதைகள் உள்ளன. ஆயினும் இரண்டுக்கும் நடுவிலுள்ள கணவாயைக் கடக்க இன்றும் காலே துணை.

மனாங்கிலிருந்து புறப்படுவோர் உடனே கணவாயை நோக்கி விரைவதில்லை. ஓரிரு நாள் அங்கே தங்குகின்றனர். பகலில் எதிரேயுள்ள கங்காபூர்ணா பனிக்கட்டியாற்றின் பக்கமாகவோ, ஊருக்கு மேலுள்ள மடங்களை நோக்கியோ சில நூறு மீற்றர் ஏறிப் பின் இறங்கி வந்து ஊரிலேயே உறங்குகின்றனர். காண்பவருக்கு இது வீண் அலைச்சலாகத் தோன்றக்கூடும். உண்மையில் இந்த ஏற்ற இறக்கமே பயணத்தின் முதற் கடமை. அதன் காரணத்தை அறிய, நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றிச் சிறிது ஆராய வேண்டும்.

கடல்மட்டத்திலாயினும் மலையுச்சியிலாயினும், காற்றிற் பிராணவாயு இருக்கும் விகிதம் ஒன்றே; நூற்றுக்கு 21 பங்கு. மாறுவது காற்றின் அமுக்கம். மேலே செல்லச் செல்ல, நம்மீது அழுந்தும் வாயுமண்டலத்தின் பாரம் குறைகிறது, காற்று ஐதாகிறது. தோரொங் கணவாயின் உயரத்தில் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ அரைப்பங்கே. ஆகவே அங்கே ஒருவர் உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பாதியளவு பிராணவாயுவே உட்செல்கிறது. அமுக்கம் குறைவதால் நீரும் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. அவ்வுயரத்திற் கொதிநீரின் வெப்பம் ஏறத்தாழ 82 பாகைதான். அதில் அரிசி எளிதில் வேகாது.

மலையேறுவோருக்கு ஏற்படும் நோயைப் பற்றி, தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகளைக் கடந்த அக்கோஸ்தா என்னும் இசுப்பானியப் பாதிரியார் 1590ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் எழுதினார். அந்நோய்க்குக் காரணம் பிராணவாயுவின் அமுக்கக் குறைவே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878இற் பரிசோதனைகளால் நிலைநாட்டினார். இக்காலத்து மருத்துவர் அதனை மலைநோய் என்பர். தலைவலி, பசியின்மை, வாந்தி, களைப்பு, தூக்கமின்மை ஆகியன அதன் தொடக்கக் குறிகள். நேபாளத்தின் எவறெஸ்ற் வழியில், 4,243 மீற்றர் உயரத்திலுள்ள பெரிச்சே என்னும் ஊரிற் பரிசோதிக்கப்பட்ட 278 பயணிகளில் நூற்றுக்கு 53 பேர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர் என 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உடற்பலமும் இளமையும் இந்நோய்க்குக் காப்பாவதில்லை. வலிமை மிக்க இளைஞன் விரைந்து ஏறி விழுந்துவிடுவதும், மெல்ல ஏறும் முதியவர் நலமாகக் கடந்துசெல்வதும் உண்டு.

நோய் முற்றினால் அது இரு வழிகளில் உயிரைக் கவரும். ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல். அப்போது ஓய்ந்திருக்கும் வேளையிலும் மூச்சுத் திணறும்; இருமல் வரும். மற்றது, மூளை வீங்குதல். அப்போது நோயாளியின் அறிவு மயங்கும், நடை தள்ளாடும். நேர்கோட்டில் அடிமேலடி வைத்து நடக்கச் சொன்னால் அவரால் நடக்க இயலாது. இரண்டுக்கும் தலையாய மருந்து ஒன்றே: தாமதமின்றிக் கீழே இறக்குதல். சில நூறு மீற்றர் இறங்கினாலே பலர் தெளிவடைவர்.

உடலுக்குக் காலம் கொடுத்தால் அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் உடையது. மூச்சு ஆழமாகிறது, சிறுநீரகம் குருதியின் தன்மையைச் சீராக்குகிறது, நாளடைவிற் குருதியிற் செந்நிறக் கலங்கள் பெருகுகின்றன. இவையெல்லாம் மெல்ல நிகழ்வன. ஆதலால் 3,000 மீற்றருக்கு மேலே, ஒவ்வோர் இரவும் உறங்கும் இடம் முதல்நாள் உறங்கிய இடத்திலிருந்து 500 மீற்றருக்கு மேல் உயரலாகாது என்றும், மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரு நாள் தங்கவேண்டும் என்றும் மருத்துவர் விதித்துள்ளனர். இங்கே கவனிக்கத்தக்கது உறங்கும் உயரமே. பகலில் உயர ஏறலாம். இரவில் தாழ வந்து உறங்கவேண்டும். 1973இல் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம் மனாங்கில் ஒரு மருத்துவ நிலையத்தை நடத்துகிறது. பயணிகள் மிகும் பருவங்களில் அங்குள்ள மருத்துவர் நாள்தோறும் இவ்விடயங்களை விளக்கி உரையாற்றுவது வழக்கம்.

இவ்விதிப்படி மனாங்கிலிருந்து புறப்பட்டவர் முதல் இரவை யாக் கர்க்கா என்னும் மேய்ச்சல் நிலத்தில், ஏறத்தாழ 4,050 மீற்றர் உயரத்திற் கழிக்கிறார். மரங்கள் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. மறுநாள் ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்திலுள்ள தோரொங் ஃபேடியை அடைகிறார். நேபாள மொழியில் 'ஃபேடி' என்றால் மலையின் அடிவாரம் என்பது பொருள். அடிவாரமே நமது பீதுறுதாலகாலையினும் ஏறத்தாழ இரண்டாயிரம் மீற்றர் உயர்ந்தது. சுற்றியுள்ள பாறைச் சரிவுகளில், நீலச் செம்மறி எனப்படும் மலையாடுகள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். அங்கே பயணிகள் மாலையிலேயே உணவருந்திப் படுத்துவிடுகின்றனர். மறுநாளே கணவாயைக் கடக்கும் நாள்.

அந்நாள் விடியுமுன்னரே தொடங்குகிறது. பயணிகள் பலர் அதிகாலை நான்கு மணிக்கே விளக்கேந்திப் புறப்படுகின்றனர். குளிர் உறைநிலைக்குக் கீழே பத்துப் பாகைக்கு மேலும் இறங்கியிருக்கும். இவ்வளவு குளிரிற் புறப்படுவானேன் என்று கேட்கலாம். இரவில் உறைந்த பனி அவ்வேளையில் இறுகிக் காலைத் தாங்கும். வெயில் ஏறினால் இளகிவிடும். அதனினும் முக்கியமான காரணம் காற்று. பகலில் மேனிலம் சூடேறும்போது காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் வழியாகத் தெற்கிலிருந்து பெருங்காற்று மேனோக்கி வீசத் தொடங்குகிறது. முற்பகல் கடந்ததும் கணவாயின் உச்சியிலும் காற்றுக் கடுமையாகிவிடும். ஆகவே மலையிற் பயன்படும் பகல் நண்பகலோடு முடிந்துவிடுகிறது எனக் கொள்ளவேண்டும்.

ஃபேடியிலிருந்து ஏறும் பாதை, தொடக்கத்திலேயே வளைந்து வளைந்து செங்குத்தாக உயர்ந்து, ஏறத்தாழ 4,900 மீற்றரில் உள்ள உயர்முகாமை அடைகிறது. அதன்பின் சரிவு குறைகிறது. ஆனால் காற்றும் ஐதாகிறது. ஓர் அடி வைத்து ஒரு மூச்சு, மற்றோர் அடி வைத்து மற்றொரு மூச்சு என நடை அமையவேண்டும். இடையிடையே தோன்றும் மேடுகள் ஒவ்வொன்றும் உச்சிபோல் தோற்றமளிக்கும். அதை ஏறி முடித்ததும் அப்பால் இன்னொரு மேடு நிற்கும். முதன்முறை செல்பவர் இதனால் மனஞ் சோர்வதுண்டு. வழியறிந்தவர் மேட்டை எண்ணுவதில்லை, அடியை எண்ணுகிறார்.

நலமாக நடப்பவர் நான்கு, ஐந்து மணி நேரத்தில் உச்சியை அடைகிறார். அங்கே கற்குவியல்களும், ஐந்து நிறங்களிற் கட்டப்பட்டுக் காற்றிற் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகளும் உள்ளன. இருபுறமும் 6,000 மீற்றரைக் கடந்த பனிச்சிகரங்கள் நிற்கின்றன. ஒரு சிறு தேநீர்க் குடிலும் உண்டு. ஏறிவந்தவருக்கு அங்கே நெடுநேரம் இருக்க மனம் வரும். வழிகாட்டி அதற்கு இடங்கொடுப்பதில்லை.

அவ்வாறு விரைவதன் பொருளை 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் உலகுக்குக் காட்டியது. மலைநடைக்கு மிகச் சிறந்ததெனக் கருதப்படுவது அம்மாதமே. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், பயணிகள் நிறைந்திருப்பர். அவ்வாண்டு வங்காள விரிகுடாவில் உருவான ஹுட்ஹுட் என்னும் சூறாவளி, ஒக்ரோபர் 12ஆந் திகதி விசாகப்பட்டினத்திற் கரையைக் கடந்தது. நமது கரையையும் தொடும் அதே கடலில் எழுந்த அப்புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, 14ஆந் திகதி இமயத்திற் பெரும்பனியாகக் கொட்டியது. அரை நாளுக்குள் ஓர் ஆளுயரத்தை நெருங்கும் பனி பொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அன்று காலை தோரொங் கணவாயை நோக்கிப் பலர் ஏறியிருந்தனர். உச்சியிலுள்ள குடிலில் ஒதுங்கியவர் பலர். முக்திநாத்தை நோக்கி இறங்கத் தொடங்கியவர்களிற் பலர், பாதை மறைந்த வெண்பரப்பில் திசைதெரியாது அகப்பட்டனர். கணவாயிலும், பனிச்சரிவுகள் வீழ்ந்த அயல்மலைகளிலுமாகக் குறைந்தது 43 பேர் மாண்டனர். அவர்களில் வெளிநாட்டார் மட்டுமன்றி, நேபாள நாட்டு வழிகாட்டிகளும், சுமை காவுவோரும், யாக் மேய்ப்போரும் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஹெலிகொப்டர்களாலும் மீட்புப் படையினராலும் காப்பாற்றப்பட்டனர்.

புயல் வருவதை வானிலை அறிஞர் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் அவ்வறிவு மலைவழியில் நின்றவர் பலரைச் சென்றடையவில்லை. ஒரு செய்தி இருப்பது வேறு. அது வேண்டியவர் செவியில் வேண்டிய வேளையில் விழுவது வேறு. வானொலியின் முன் அமர்ந்திருக்கும் நேயர்களுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்பேரிடரின் பின், மலைக்கிராமங்களுக்கு வானிலை எச்சரிக்கையை முறையாக அனுப்புவதன் தேவை நேபாளத்தில் வலியுறுத்தப்பட்டது. வானம் இருண்டால் திரும்பிவிடுதல் இழுக்கன்று என்பதும் மீண்டும் உணரப்பட்டது. கணவாய் அடுத்த நாளும் அங்கேதான் இருக்கும்.

வானம் தெளிந்த நாளிலும், உச்சியைக் கண்டவுடன் பயணம் முடிந்துவிடுவதில்லை. கணவாயிலிருந்து முக்திநாத் வரையுள்ள இறக்கம் ஏறத்தாழ 1,600 மீற்றர். ஏற்றத்தில் நெஞ்சுக்கு நேர்ந்த சோதனை இறக்கத்தில் முழங்காலுக்கு நேர்கிறது. உதிர்கற்கள் நிறைந்த சரிவில் மூன்று நான்கு மணி நேரம் இறங்கவேண்டும். களைத்த கால் தடுமாறும் வேளை இதுவே. எனினும் ஒவ்வொரு நூறு மீற்றர் இறங்கும்போதும் காற்றுச் செறிவாகிறது, தலைவலி தணிகிறது, பேச்சுத் திரும்புகிறது. மேற்றிசையில் 8,167 மீற்றர் உயரமுள்ள தௌலகிரி தோன்றுகிறது. பெரும்பாலோர் மனாங்கிலிருந்து முக்திநாத்தை நோக்கியே நடப்பதன் காரணமும் இங்கே விளங்கும். மறுதலையாகச் செல்வோர் ஒரே நாளில் அந்த 1,600 மீற்றரையும் ஏறவேண்டும். ஏறிய பின் உறங்குமிடமும் புறப்பட்ட இடத்தினும் உயரமாக இருக்கும்.

இவ்வழியிற் சுமை காவுவோரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது விடுதல் முறையன்று. மலையிற் பிறந்தவருக்கு மலைநோய் வாராது என்ற எண்ணம் பயணிகளிடையே பரவலாக உண்டு. திபெத்திய வழிவந்த மக்களின் உடல், ஐதான காற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பொருந்தியது என்பது மெய்யே. ஆனாற் சுமை காவுவோரிற் பலர் தாழ்ந்த மலைச்சாரல்களிலிருந்து பிழைப்புத் தேடி வரும் உழவர். அவர்களது உடல் நம்முடைய உடலினும் அதிகம் பழகியதன்று. அவர்களுக்குக் கனத்த ஆடையும் தக்க காலணியும் குறைவு. 1997ஆம் ஆண்டில் நேபாளத்தில் மலைநோய் கண்ட ஓர் இளம் சுமைகாரருக்குக் கூலியைக் கொடுத்துத் தனியே கீழே அனுப்பிவிட்டனர். ஏறத்தாழ முப்பது மணி நேரத்தில் அவர் இறந்தார். அந்த மரணமே, சுமை காவுவோரைப் பாதுகாப்பதற்கென ஒரு சர்வதேசக் குழு தோன்றக் காரணமாயிற்று. அவர்களுக்கும் தகுந்த உடையும் உறைவிடமும் மருத்துவமும் வேண்டும், நோயுற்றவரை ஒருபோதும் தனியே இறக்கலாகாது என்பனவே அக்குழு வற்புறுத்தும் விதிகளின் சாரம்.

பிற்பகலில் முக்திநாத் தோன்றுகிறது. வறண்ட பழுப்பு நிலத்தின் நடுவே ஊற்றுநீரால் தழைத்த மரங்கள் ஒரு பசுந்திட்டாகக் காட்சியளிக்கின்றன. அங்குள்ள விஷ்ணு கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள் ஓடுகின்றன. அயலிலுள்ள ஜுவாலா மாயி என்னும் கோயிலில், நிலத்தடியிலிருந்து கசியும் வாயு சுடராக எரிகிறது. இந்துக்களும் பௌத்தர்களும் ஒருங்கே வழிபடும் தலம் இது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுவே என வைணவ மரபினர் பலர் கொள்வர். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய இத்தலத்துக்குத் தமிழ் யாத்திரிகர் இன்றும் செல்கின்றனர். அயலிலுள்ள காளி கண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், இமயம் எழுமுன் அங்கிருந்த பழங்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் கல்லாகியவை.

அந்த யாத்திரிகருக்கும் மலையின் சட்டம் பொருந்தும். ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்திலுள்ள பொக்கரா நகரிலிருந்து விமானத்திலும் வாகனத்திலுமாக ஒரே நாளில் முக்திநாத்தை அடைவது இன்று எளிது. கால் வருந்தாமற் போனாலும் உடல் அம்மாற்றத்தை உணராமற் போவதில்லை. முதியோரும் இதயநோய் உடையோரும் இவ்வாறு விரைந்து சென்று வருந்துவதுண்டு. ஏறத்தாழ 2,700 மீற்றர் உயரத்திலுள்ள ஜோம்சொமில் ஓர் இரவேனும் தங்கி, பின்னர் மேலே சென்று வழிபட்டு, அன்றே திரும்பிவந்து கீழே உறங்குதல் நன்று. புறப்படுமுன் மருத்துவரைக் கண்டு ஆலோசித்தல் அதனினும் நன்று.

மர்ஸ்யாங்டியும் காளி கண்டகியும் கணவாயின் இருபுறத்தும் பிரிந்து ஓடி, ஒன்று அன்னபூர்ணாவுக்குக் கிழக்காகவும் மற்றது மேற்காகவும் மலையைத் துளைத்துச் சென்று, திரிசூலி ஆற்றுடன் சேர்ந்து தெற்கே தேவ்காட் என்னுமிடத்திற் கூடுகின்றன. அந்நீர் சுற்றிச் செல்லும் மலையை மனிதர் ஒரு நாளிற் குறுக்கே கடக்கின்றனர். கடக்க முடிவது விரைவினாலன்று. முன்னைய நாள்களிற் பொறுத்திருந்ததனால். மாலையில் முக்திநாத்தின் விடுதி வாயிலில் நின்று, வந்து சேர்ந்தோரை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பது நல்ல வழிகாட்டியின் வழக்கம். காலையிற் புறப்பட்டவர் எத்தனை பேரோ, சுமை காவியவர் உட்பட அத்தனை பேரும் வந்து சேர்ந்தால், அன்றைய நடை செம்மையாக முடிந்தது.